மதிலுக்கு அப்பால் போகும் மழைநீர்: பொறுப்பு யாருடையது?

பின்வளவுக்குச் சீமெந்து போடும்போது மேசன் கேட்கும் முதல் கேள்வி, வாட்டம் எந்தப் பக்கம் என்பதுதான். வீட்டுச் சுவரில் ஈரம் ஏறாதிருக்க, தளம் வீட்டிலிருந்து விலகிச் சரிய வேண்டும். சின்ன வளவில் வீட்டிலிருந்து விலகுவது என்றால் மதிலை நோக்கிப் போவது. மதிலுக்கு அப்பால் அடுத்த வீடு. மழை அல்லாஹ்வின் ஏற்பாடு, வளவு சொந்தக்காரரின் உடைமை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்த மழை அந்த வளவிலிருந்து அயலவரின் கிணற்றடிக்குப் போய்ச் சேரும்போது அது யாருடைய செயல் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. இஸ்லாமியச் சட்டவியலாளர் இதைப் பீலி, கான், கூரைநீர் என்ற பெயர்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துப் பேசியிருக்கிறார்கள். கொங்கிறீட் முற்றம் அவர்கள் அறியாதது. அவர்கள் வகுத்த பிரிப்புகளோ அதற்கும் பொருந்துகின்றன.

மண்ணும் வளவும்

மருதமுனை அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், கல்முனை மாநகர சபை எல்லைக்குள் உள்ள முஸ்லிம் ஊர். கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. வடக்கே பெரியநீலாவணை, தெற்கே பாண்டிருப்பு. கிழக்கே கடல், மேற்கே வயல்களும் வாவியைச் சேர்ந்த தாழ்நிலமும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டியில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன.

மணல் மழையைக் குடிக்கும் மண். வெண்மணல் பரப்பிய முற்றத்தில் சாதாரண மழை விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும். இறங்கிய நீர் நிலத்தடியில் உவர்நீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்கி, கிணறுகளுக்கு ஊறும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரையோரத்தை அழித்தபோது கிணறுகளும் உவர்ப்பாயின. அவற்றை மீட்டதில் இறைத்துச் சுத்தம் செய்த மனித உழைப்போடு, பின்வந்த மாரி மழைகளுக்கும் பங்குண்டு. ஆகவே முற்றத்து மணல் வெறும் தரை அன்று. கிணற்றுக்கு நீர் போகும் வாசலும் அதுவே.

அந்த வாசல் அடைபடுவதற்கு இப்பகுதியின் குடும்ப வழக்கமும் ஒரு காரணம். கிழக்கிலங்கையில் முஸ்லிம்களும் தமிழரும் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே கலியாணம் செய்வர். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். உம்மாவின் வளவு மூத்த மகளுக்கு வீட்டோடு போகும்; மிச்ச நிலத்தில் அடுத்தவளுக்கு வீடு எழும்பும்; அதற்கடுத்தவளுக்குக் கிணற்றடிப் பக்கம். இரண்டு தலைமுறையில் ஒரு வளவு நான்கு ஐந்தாகிறது. ஒவ்வொன்றுக்கும் மதில், ஒவ்வொன்றுக்கும் மலசலகூடக் குழி. மீதியாகும் சிறு முற்றம் சேறாகாமல், கூட்டிப் பெருக்க எளிதாக இருக்கட்டும் என்று கொங்கிறீட் அல்லது இன்டர்லொக் கல் இடப்படுகிறது. இதனால் ஒருவருடைய மழைநீர் போய்ச் சேரும் இடம் பல வேளை அவருடைய ராத்தாவின் அல்லது தங்கச்சியின் வாசலாகவே இருக்கும்.

நீரின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். ஒரு பேர்ச் நிலம் 25.29 சதுர மீற்றர். நான்கு பேர்ச் அளவுக்குச் சீமெந்து போட்ட வளவில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 10,000 லீற்றருக்கு மேல்: ஆயிரம் லீற்றர்த் தாங்கிகள் பத்து. வடகீழ்ப் பருவக்காற்றின் மாரியில் இத்தகைய மழை புதுமையன்று. இக்கரையோரத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களிலேயே விழுகிறது. மணல் முற்றத்தில் இந்நீரின் சிறு பங்கே மேற்பரப்பில் ஓடும். கொங்கிறீட்டில் ஏறத்தாழ முழுவதும் ஓடும், அதுவும் விரைந்து, ஒரே மூலையில் சேர்ந்து. தளத்துக்குக் கீழே போயிருக்க வேண்டிய நீர் இப்போது மதிலுக்கு அப்பால் போகிறது.

மழை யாருடையது, ஓட்டம் யாருடையது

இவ்வாறான வழக்கில் இரண்டு வாதங்கள் எழும். முதலாவது, மழையைப் பெய்விப்பவன் இறைவன், தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடுவது அதன் இயல்பு, இதில் மனிதன் செய்தது ஒன்றுமில்லை என்பது. இரண்டாவது, என் நிலத்தில் நான் விரும்பியதைச் செய்ய எனக்கு உரிமை உண்டு என்பது. முதல் வாதம் இறையியலைச் சேர்ந்தது. இரண்டாவது சட்டத்தைச் சேர்ந்தது.

முதல் வாதத்துக்கு அஷ்அரி இறையியலிலேயே விடை உண்டு. இலங்கை முஸ்லிம்களின் மரபான கோட்பாடு அது. ஹிஜ்ரி 324இல் மறைந்த அபுல் ஹஸன் அல் அஷ்அரியின் வழிவந்தோர், எல்லாச் செயல்களையும் படைப்பவன் அல்லாஹ் என்பர். ஆயினும் மனிதன் தன் தெரிவினால் ஒரு செயலைத் தனதாக்கிக்கொள்கிறான் என்றும், அந்தக் ‘கஸ்ப்’ என்னும் ஈட்டலுக்கே அவன் விசாரிக்கப்படுவான் என்றும் சேர்த்தே சொல்வர். இந்த அளவுகோலை மழைக்கு வைத்தால் விடை தெளிவாகும். மேகம் திரள்வதிலும் துளி விழுவதிலும் மனிதத் தெரிவு இல்லை. மணலை மூடியதில் தெரிவு உண்டு; வாட்டத்தை மதிலின் பக்கம் வைத்ததில் தெரிவு உண்டு; மதிலின் அடியில் துளை விட்டதில் தெரிவு உண்டு. நீர் விழுந்ததற்கு யாரும் விசாரிக்கப்படமாட்டார். அது திரண்டு ஒரு திசையில் போனதற்கு, அத்திசையைத் தெரிந்தெடுத்தவர் விசாரிக்கப்படுவார்.

இதே பிரிப்பை வீதிக்குப் பொருத்திக் காட்டியவர் இமாம் கஸ்ஸாலி (மறைவு ஹிஜ்ரி 505, கி.பி. 1111). ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் பற்றிய பகுதியில் அவர் வீதிகளில் காணப்படும் தவறுகளை வரிசைப்படுத்துகிறார். ஒடுங்கிய தெருவில் சுவரிலிருந்து நீட்டிய பீலியால் தண்ணீரை விடுவது அவற்றுள் ஒன்று. அது நடப்பவரின் உடையைக் கெடுக்கிறது, வழியை ஒடுக்குகிறது. மழைநீரையும் சேற்றையும் தெருவில் தேங்க விடுவதும் தவறே. இரண்டுக்கும் பொறுப்பாளர் யார் என்று அடுத்து வகுக்கிறார். குறிப்பிட்ட ஒரு பீலியால் தேங்கிய நீரை அகற்றுவது அந்தப் பீலியின் சொந்தக்காரர் மீது தனிப்பட்ட கடமை. பொதுவாகப் பெய்த மழையால் தேங்கிய நீரை அகற்றுவது அனைவர் மீதும் உள்ள பொதுக்கடமை. மக்களை அதில் ஈடுபடுத்துவது ஆட்சிப் பொறுப்பில் உள்ளோரின் வேலை.

ஒரே மழை, ஒரே தெரு. நீர் யாருடைய கைவேலையின் ஊடாக வந்தது என்பதைப் பொறுத்துப் பொறுப்பு பிரிகிறது. சீமெந்து முற்றம் இந்த வகையில் ஒரு பெரிய பீலிதான். கூரைநீரை ஒரு வாயில் சேர்ப்பது பீலி. வளவுநீரை ஒரு மூலையில் சேர்ப்பது வாட்டம். மருதமுனையின் ஓர் ஒழுங்கையில் பத்து வீட்டு முற்றங்களும் மணலாக இருந்த காலத்தில் அங்கே தேங்கிய நீர் பொதுக்கடமையில் அடங்கியிருக்கும். அதே பத்து முற்றங்களும் கொங்கிறீட் ஆன பின், தேங்குவதில் பெரும்பகுதி பத்துப் பேருடைய தனிக்கடமைகளின் கூட்டுத்தொகையாகிறது.

ஷாபிஈ சட்டத்தில் பீலியும் பிணையும்

இரண்டாவது வாதமான ‘என் நிலம், என் உரிமை’ என்பதற்கு, இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் முதலில் சார்பாகவே பேசுவதுபோல் தெரியும். இமாம் நவவி (மறைவு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலில், ஒவ்வோர் உடைமையாளரும் தன் நிலத்தை வழமைக்கேற்பக் கையாளலாம் என்கிறார். குடியிருப்புகள் சூழ்ந்த தன் வீட்டை ஒருவர் குளியற்கூடமாகவோ குதிரை லாயமாகவோ மாற்றுவதும், துணிக்கடைகள் நடுவிலுள்ள தன் கடையைக் கொல்லன் பட்டறையாக்குவதும் கூடும் என்பதே வலுவான கருத்து என்கிறார். இவ்விடயத்தில் மாலிகி மத்ஹபைவிட ஷாபிஈ மத்ஹப் உடைமையாளருக்குக் கூடுதல் இடம் கொடுக்கிறது.

அந்த இடம் எல்லையற்றதன்று. குளியற்கூடம் கட்டுபவர் முன்னெச்சரிக்கை எடுத்துச் சுவர்களைப் பலப்படுத்தினால்தான் அனுமதி. வழமையை மீறி, அதனால் சேதம் வந்தால் ஈடு கொடுக்க வேண்டும். இங்கே ‘வழமை’ என்னும் அளவுகோல் கவனத்துக்குரியது. இருபது பேர் சீமெந்து போட்டுவிட்டால் சீமெந்து போடுவது வழமையாகிவிடுமே என்று கேட்கலாம். போடுவது வழமையாகலாம், அயலவரின் வளவுக்குள் நீரை விடுவது அதனால் வழமையாகிவிடாது. சீமெந்து போடுகிறவர் எவரும் தன் வளவுக்கு அடுத்தவர் நீர் வருவதை வழமை என்று ஏற்றுக்கொள்வதில்லை என்பதே இதற்குச் சான்று.

பீலி பற்றிய நவவியின் தீர்ப்பு இன்னும் நேரடியானது. வீதிப் பக்கம் பீலி நீட்டுவது ஆகுமானது. ஆனால் அதனால் விளையும் சேதத்துக்கு, ஷாபிஈயின் பிந்திய கருத்துப்படி, உரியவரே பிணை. நீட்டிய பீலியின் ஒரு பகுதி சுவருக்குள் பதிந்திருந்து வெளிப்பகுதி மட்டும் முறிந்து விழுந்து ஒருவரைத் தாக்கினால் முழு ஈடு. உள்ளும் வெளியுமாக முழுப் பீலியும் விழுந்தால் பாதி ஈடு. சொந்தச் சுவருக்குள் இருந்த பகுதி அவர் தன் உரிமைக்குள் வைத்தது. வெளியே நீட்டிய பகுதி பொதுவெளியில் வைத்தது. சேதத்தை இரண்டாகப் பிளந்து அளக்கும் இந்தக் கணக்கு, உரிமையும் பொறுப்பும் ஒன்றையொன்று அழிப்பதில்லை என்பதைக் காட்டுகிறது. ஒரு செயல் ஹராம் அல்ல என்பதால் மட்டும் அதன் விளைவுக்குப் பொறுப்பு இல்லை என்று ஆகாது.

இலாபத்துக்கும் பாரத்துக்கும் இடையிலான தொடர்பையும் சட்டவியலாளர் விதியாக்கியுள்ளனர்: ஒன்றின் பயனைப் பெறுபவரே அதன் சுமையையும் ஏற்பார். உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபி சட்டத்தைத் தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’வில் இது 87ஆம் உறுப்புரை. சேறில்லாத முற்றத்தின் பயன் வீட்டுக்காரருக்கு. அந்த முற்றம் உறிஞ்ச மறுத்த நீரின் சுமையும் அவருக்கே. உடைமை விடயத்தில் இங்கே ஒரு சமனின்மை இருப்பதும் கவனிக்கத்தக்கது. பொதுநீரில் கலத்தில் பிடிக்கப்பட்டதே பிடித்தவரின் உடைமையாகும் என்பது மின்ஹாஜின் கருத்து. ஓடிக்கொண்டிருக்கும் மழைநீரை என்னுடையது என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. என்னுடையது அல்ல என்று கைகழுவவும் முடியாது, தானே அதைத் திரட்டி அனுப்பியிருந்தால்.

இதையெல்லாம் தாங்கும் அடிப்படை, தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்ற கருத்துடைய நபிமொழி. முவத்தாவிலும் இப்னு மாஜாவிலும் பதிவானது; நவவியின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் 32ஆவது. அதன் இரண்டாம் பாதி மழைக்காலத்துக்கு மிகவும் வேண்டியது. அயலவரின் நீர் வருகிறது என்பதற்காகத் தன் தளத்தை அரை அடி உயர்த்தி நீரைத் திருப்பி அனுப்புவது இந்த வட்டாரத்தில் மட்டுமல்ல, எங்கும் காணக்கூடிய பதிலடி. அவர் உயர்த்த இவர் உயர்த்த, கடைசியில் உயர்த்த வசதியற்ற வீடு குளமாகிறது. முதலில் தீங்கு செய்தவர் ஒருவர், தண்டனை அனுபவிப்பவர் வேறொருவர்.

பழைய ஓட்டமும் புதிய ஓட்டமும்

இலங்கையில் முஸ்லிம்களின் விவாகம், மரணசாதனமின்றி இறந்தவரின் சொத்துரிமை போன்றவை முஸ்லிம் தனியார் சட்டத்தில் அடங்கும். அயல் நிலங்களுக்கு இடையிலான நீர் வழக்கு அதில் அடங்காது. நாட்டின் பொதுச்சட்டமான உரோம டச்சுச் சட்டமே அதற்கு உரியது. மருதமுனைவாசி ஒருவர் இதற்காக நீதிமன்றம் போனால் சந்திக்கப்போவது உரோமர் வகுத்த விதிகளை. இயற்கையாக மேட்டிலிருந்து இறங்கும் மழைநீரைத் தாழ்ந்த நிலம் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் மேட்டுநிலக்காரர் கைவேலையால் அந்த ஓட்டத்தைப் பெருக்கவோ திருப்பவோ செய்து தீங்கு விளைந்தால் கீழ்நிலக்காரர் வழக்கிடலாம். மழைநீரைத் தடுப்பதற்கான இந்த வழக்கு முறைக்கு உரோமரின் பன்னிரு பலகைச் சட்டத்திலேயே வேர் உண்டு. ஜஸ்டினியனின் தொகுப்பில் இதற்குத் தனித் தலைப்பே ஒதுக்கப்பட்டுள்ளது. கூரைச் சொட்டு நீரையும் பீலி நீரையும் அயலவர் நிலத்தில் விடும் உரிமைகளை உரோமச் சட்டம் வெவ்வேறு பெயரிட்டுப் பிரித்தது. இரண்டும் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள்.

பக்தாதில் கற்பித்த கஸ்ஸாலியும் உரோமச் சட்டவியலாளரும் ஒரே இடத்தில் கோடு கிழித்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. இயற்கை ஓட்டம், கைவேலை ஓட்டம் என்ற பிரிப்பு நீரின் நடத்தையிலேயே உள்ளது; நேர்மையாகப் பார்க்கும் எவரும் அங்கேதான் வந்து சேர்வர்.

‘எங்கட காலத்திலிருந்தே தண்ணி இப்படித்தான் போகுது’ என்பது இத்தகைய பிணக்குகளில் வரும் வலிய வாதம். மஜல்லா இதற்கும் இடம் வைத்துள்ளது. பழையது பழையபடியே விடப்படும் என்கிறது அதன் 6ஆம் உறுப்புரை. ஆண்டாண்டாக ஒரு வீட்டின் மழைநீர் அயல் வீட்டுக்குள் ஓடிவந்திருந்தால் இனி விடமாட்டேன் என்று அயலவர் மறுக்க முடியாது என்றும் பின்னொரு இடத்தில் சொல்கிறது. ஆனால் 7ஆம் உறுப்புரை உடனே எல்லை கட்டுகிறது: தீங்கு பழையதாகாது. எத்தனை காலம் நீடித்தாலும் தீங்கு உரிமையாக மாறுவதில்லை. முற்றம் மணலாக இருந்தபோது மதிலின் அடியால் கசிந்த சிறு நீருக்குப் பழைய உரிமை இருக்கலாம். கொங்கிறீட்டுக்குப் பின் அதே வழியால் பாயும் நீர் வழியால் பழையது, அளவால் புதியது. பழைய உரிமை பழைய அளவுக்கே.

தெரியாமல் செய்தவரின் நிலை என்ன என்பதும் கேட்கத்தக்கது. நேரடியாகச் சேதம் செய்தவர் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் பொறுப்பாளி, காரணமாக அமைந்தவர் வேண்டுமென்று செய்திருந்தால்தான் பொறுப்பாளி என்று மஜல்லாவின் 92, 93ஆம் உறுப்புரைகள் பிரிக்கின்றன. தளம் போட்டவர் பெரும்பாலும் காரணகர்த்தா. முதல் மாரியில் அயலவரின் சமையலறைக்குள் நீர் போனபோது, எனக்குத் தெரியாது என்று சொல்ல அவருக்கு இடமுண்டு. இரண்டாவது மாரியில் அந்த இடம் சுருங்கிவிடுகிறது. அறிந்த பின்னும் வாட்டத்தை மாற்றாமல் விடுவது வேண்டுமென்று செய்வதற்கு மிக அண்மையில் நிற்கிறது.

அனுமதியும் இரத்த உறவும்

அயலவரின் வளவின் ஊடாக நீரைக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்ற நிலையும் வரும், குறிப்பாகப் பின்வளவுக்கு ஒழுங்கையே இல்லாத வீடுகளில். இதில் ஸஹாபாக்கள் காலத்திலேயே இரு போக்குகள் தெரிகின்றன. ழஹ்ஹாக் பின் கலீபா என்பவர் தன் நிலத்துக்கு நீர் கொண்டுசெல்ல முஹம்மத் பின் மஸ்லமாவின் நிலத்தின் ஊடாக வாய்க்கால் வெட்ட விரும்பினார். உமக்கும் அதில் பயனுண்டே, கெடுதி இல்லையே என்று கேட்டும் அவர் இணங்கவில்லை. கலீபா உமர் (ரழி) தலையிட்டு, உன் வயிற்றின் மேலாகவேனும் அது போகும் என்ற கருத்துப்படக் கடிந்து வாய்க்காலை நடத்திவைத்தார். இது முவத்தாவில் உள்ளது.

ஷாபிஈ மத்ஹபின் பிந்திய கருத்து இதைச் சட்டக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அயலவர் தன் சுவரில் மரம் பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்ற புஹாரியின் ஹதீஸைக்கூட அது விரும்பத்தக்க பண்பாகவே கொள்கிறது. சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். சம்மதத்தைப் பெறும் வழியையும் மின்ஹாஜ் சொல்கிறது: ஒருவரின் நிலத்தில் நீரை ஓடவிடவோ பனியைக் கொட்டவோ பணம் கொடுத்து உடன்பாடு செய்துகொள்ளலாம். பனியை மருதமுனை அறியாது. நீருக்கான உடன்பாடு அங்கு நன்கு பொருந்தும். குழாய் பதிக்கும் செலவை ஒருவர் ஏற்க, வழியை மற்றவர் தர, இருவர் வீட்டு நீரும் ஒரே குழாயால் வீதிக் கானுக்குப் போகலாம்.

சகோதரிகளுக்கு இடையில் இத்தகைய உடன்பாடு எழுதப்படுவதில்லை, கேட்கப்படுவதுகூட இல்லை. ராத்தாவிடம் போய் அனுமதி கேட்பது அந்நியம் காட்டுவதாகத் தோன்றும். குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 36ஆவது வசனம் உறவினரான அயலவரையும் உறவில்லாத அயலவரையும் தனித்தனியே சொல்லி இருவருக்கும் நன்மை செய்யப் பணிக்கிறது. உறவு இங்கே கடமையைத் தளர்த்தவில்லை, கூட்டுகிறது. நடைமுறையிலும் எழுதாத சம்மதம் ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காது. சகோதரிகளின் பிள்ளைகள் காலத்தில், அல்லது ஒரு வீடு விற்கப்படும்போது, சலுகையாக இருந்தது வழக்காக மாறுகிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் மார்க்கத்தில், நீர்வழியையும் உறுதியில் எழுதிவைப்பது உறவைக் காக்கும் செயலே.

அயலவர் வேறு சமயத்தவராக இருந்தாலும் உரிமை குறையாது. ஆடு அறுத்தபோது யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரழி) வற்புறுத்திக் கேட்டதும், அயலவர் பற்றிய நபிமொழியை அதற்கு ஆதாரமாகச் சொன்னதும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உண்டு. மருதமுனையின் நீர் ஊர் எல்லையில் நின்றுவிடுவதில்லை. அயலூர்த் தமிழரின் நீரும் அப்படியே.

நீரின் சுத்தம்

மதிலைத் தாண்டி வந்த நீர் கிணற்றடியை நிரப்பும்போது, அது நஜீஸா என்ற கேள்வி வுழூவுக்கும் தொழுகைக்கும் முன்னால் வந்து நிற்கும். மழைநீர் சுத்தமானதும் சுத்தம் செய்யவல்லதும் ஆகும். ஷாபிஈ சட்டத்தில் இரண்டு குல்லத் அளவை எட்டிய நீர் (ஒரு கணக்கின்படி ஏறத்தாழ 216 லீற்றர்) நஜீஸ் விழுந்தாலும், நிறம், சுவை, மணம் மூன்றில் ஒன்றும் மாறாத வரை சுத்தமாகவே இருக்கும். அதற்குக் குறைந்த நீர் நஜீஸ் பட்டதுமே அசுத்தமாகிவிடும். வளவில் கோழி எச்சம் கிடந்திருக்குமோ என்ற வெறும் ஐயம் தீர்ப்பை மாற்றாது; உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பது விதி. தவிர்க்க முடியாத தெருச்சேறு சிறிதளவு உடையில் படுவது மன்னிக்கப்பட்டது. நெசவு வீட்டின் சாயநீர் கலந்து நிறம் மாறிய நீர் வேறு வகை: சாயம் நஜீஸ் இல்லை என்றால் அந்நீர் சுத்தமானது, ஆனால் வுழூவுக்கு ஆகாது.

இத்தீர்ப்புகள் வணக்கத்துக்கான சுத்தத்தைப் பற்றியவை. குடிக்கத்தக்கதா என்பது தனிக் கேள்வி. மாரியில் நிலத்தடி நீர் மேலெழும்பி மலசலகூடக் குழிகளைத் தொடும்போது, நிறமும் மணமும் மாறாத கிணற்று நீரிலும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். உயிரைக் காப்பது ஷரீஆவின் தலையாய நோக்கங்களில் ஒன்று என்பதால், பிக்ஹ் சுத்தம் என்று சொன்ன நீரைக் கொதிக்கவைக்காமல் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு அந்தத் தீர்ப்பு சாட்டாகாது.

நீரை எங்கே விடுவது

மேற்சொன்னவற்றைச் சேர்த்துப் பார்த்தால், சீமெந்து வளவின் நீருக்கு ஒரு முன்னுரிமை வரிசை கிடைக்கிறது. முதலாவது, விழுந்த நிலத்திலேயே இறக்குவது. இறைவன் வானிலிருந்து நீரை அளவோடு இறக்கிப் பூமியில் தங்கவைத்ததாக அல்முஃமினூன் அத்தியாயம் 18ஆவது வசனம் சொல்கிறது. நீரின் இருப்பிடம் நிலம். மதிலோரம் இரண்டு அடி அகலத்துக்கு மணலை மூடாமல் விட்டு, வாட்டத்தை அதற்குள் வைத்தாலே சாதாரண மழை அடங்கிவிடும். கல் நிரப்பிய உறிஞ்சு குழியும் உதவும்: நீள, அகல, ஆழம் ஒன்றரை மீற்றர் உள்ள குழியில் கற்களின் இடைவெளி மட்டுமே 1,000 லீற்றருக்கு மேல் பிடிக்கும், மணல் உறிஞ்சுவது அதற்கு மேலதிகம். டிசம்பரில் நிலத்தடி நீர் உயர்ந்துவிட்டால் ஆழக் குழி பயன்படாது; ஆழமில்லாத நீண்ட பள்ளமே அப்போது வேலை செய்யும். மலசலகூடக் குழியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் இவற்றை விலக்கி அமைக்க வேண்டும்.

இரண்டாவது, கூரைநீரைத் தாங்கியில் பிடிப்பது. பிடித்த நீர் உடைமையாகும், பிடித்த அளவு அயலவரின் சுமை குறையும். மூன்றாவது, பொதுக் கானுக்கு விடுவது. கான் அடைபடாமல் காப்பது அப்போது விடுபவரின் கடமையும் ஆகிறது. நான்காவதாகவே அயலவரின் நிலம், அதுவும் சம்மதத்தோடு. மக்காவில் கஃபாவின் கூரைநீரும் மீஸாப் என்னும் பீலியால் அதனை ஒட்டிய ஹிஜ்ர் பகுதிக்குள்ளேயே விழுகிறது. ஹிஜ்ரும் அந்த இல்லத்தின் எல்லையைச் சேர்ந்ததே.

இந்த வரிசையில் தனிமனிதர் தன் பங்கைச் செய்த பின்னும் நீர் மிஞ்சும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் கிழக்கைத் தாக்கியது போன்ற பெருவெள்ளத்தில் எந்த உறிஞ்சு குழியும் போதாது. கஸ்ஸாலி பிரித்த இரண்டாம் வகை அங்கே தொடங்குகிறது. வீதியைக் கொங்கிறீட் இட்டு உயர்த்தும்போது வீட்டு வளவுகள் பள்ளமாகாமல் பார்ப்பதும், வடிகான்களுக்கும் மதகுகளுக்கும் போக்கிடம் வைப்பதும், நீரேந்தும் தாழ்நிலங்கள் மண்ணிட்டு நிரப்பப்படாமல் காப்பதும் மாநகர சபையின் வேலை. பள்ளிவாசல் நிருவாகம் மஹல்லாவைத் திரட்டிக் கான்களைத் துப்புரவாக்குவது பொதுக்கடமையில் அடங்கும். சபை செய்யவில்லை என்பது வீட்டுக்காரரின் தனிக்கடமையை நீக்காது. வீட்டுக்காரர்கள் செய்யவில்லை என்பது சபைக்கும் சாட்டாகாது.

மிகை மழைக்கான நபிகளாரின் (ஸல்) பிரார்த்தனை இந்த விடயத்தை ஒழுங்காக முடித்துத் தருகிறது. ஒரு ஜும்ஆவில் வறட்சி பற்றி முறையிடப்பட்டு, அவர்கள் கேட்டதும் மழை வந்தது. அடுத்த ஜும்ஆ வரை ஓயாமல் பெய்து வீடுகள் இடிந்தன. மறுபடி முறையிடப்பட்டபோது, எங்கள் மேல் வேண்டாம், எங்களைச் சூழப் பெய்யட்டும் என்ற கருத்தில் அவர்கள் வேண்டியதாகப் புஹாரி பதிவுசெய்கிறது. சூழ என்றால் அயலூர் மேலா என்ற ஐயத்துக்கு அந்த வேண்டுதலிலேயே விடை உண்டு: குன்றுகள், மேடுகள், ஓடைப் படுகைகள், மரங்கள் முளைக்கும் இடங்கள் என்று மழை போக வேண்டிய இடங்கள் அதில் பெயர் சொல்லிக் கேட்கப்படுகின்றன. அவை நீரைத் தாங்கக்கூடிய, நீரால் பயன்பெறக்கூடிய இடங்கள். மழை நிற்கட்டும் என்று கேட்கப்படவில்லை. வேறு வீடுகள் மேல் போகட்டும் என்றும் கேட்கப்படவில்லை. தன் வீட்டைக் காக்க நீரை விலக்குவது ஆகும், அதைத் தாங்கும் இடம் பார்த்து விலக்க வேண்டும் என்ற இரண்டும் அதில் அடங்குகின்றன. சீமெந்து வளவுக்கு வாட்டம் வைப்பவர் தீர்மானிக்க வேண்டியதும் அந்த இரண்டைத்தான்.